காணொளி அளவுமாற்றம்: பிளாக்கர்ஸ் சாலைத் திரையரங்குகளிலிருந்து செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வரை

காணொளி அளவுமாற்றம் என்பது ஓடும் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் வேறொரு திரைக்கு ஏற்றவாறு மாற்றுவதாகும். கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும் வேலையாக இது இன்று தோன்றுகிறது. ஆனால் ஒரு வடிவத்தில் எடுத்த படத்தை இன்னொரு வடிவச் சட்டத்துக்குள் வைக்க வேண்டுமானால் மூன்று வழிகள்தான் உண்டு. ஓரத்தை வெட்டலாம்; மிஞ்சும் இடத்தில் கறுப்புப் பட்டை விடலாம்; படத்தையே இழுத்துப் பொருத்தலாம். மூன்றிலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். எதை இழக்கலாம் என்று தீர்மானிப்பவர் யார் என்பதைப் பின்தொடர்ந்து போனால் இத்தொழில்நுட்பத்தின் வரலாறு முழுவதும் கிடைத்துவிடுகிறது. முன்பு அந்தத் தீர்மானம் திரையரங்க ஆபரேட்டரின் கையில் இருந்தது. இப்போது அது செயற்கை நுண்ணறிவு முகவர் படித்துப் பார்க்கும் சில வரி விளக்கக் குறிப்பில் வந்து நிற்கிறது. முகவர் என்பது, நாம் பேச்சுமொழியில் சொல்லும் வேலையைப் புரிந்துகொண்டு, தானே பொருத்தமான கருவிகளைத் தேர்ந்து இயக்கி முடிக்கும் மென்பொருள்.

சிந்தாதிரிப்பேட்டையின் திரைகள்

சிந்தாதிரிப்பேட்டை 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னையின் ஆளுநராக இருந்த காலத்தில், நெசவாளர்களையும் நூல் நூற்போரையும் குடியமர்த்துவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்படித் திரிந்தது என்பர். கம்பெனி வாங்கிய துணிக்கு நீளமும் அகலமும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டன. மாதிரித் துண்டோடு ஒத்துப்போகாதது தள்ளுபடி ஆயிற்று. அளவை முன்பே சொல்லி வைக்கும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதல்ல.

இப்பேட்டையின் ஓரத்தில், அண்ணா சாலையிலிருந்து பிரியும் பிளாக்கர்ஸ் சாலையில், 1914-இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி திரையரங்கைக் கட்டினார். மவுண்ட் ரோட்டில் ஒளிப்பட நிலையம் நடத்தியவர் அவர். குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்து, எஸ்பிளனேடு பகுதியில் கொட்டகை போட்டுப் படம் காட்டிப் பழகிய பிறகே நிரந்தரக் கட்டடத்தில் இறங்கினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்காகக் கெயிட்டி குறிப்பிடப்படுகிறது. அதே சாலையில் 1941-இல் கேசினோ எழுந்தது. கெயிட்டி இன்று இல்லை, கேசினோ இருக்கிறது.

கெயிட்டி தொடங்கிய மௌனப்பட நாட்களில் ஆபரேட்டருக்கு அளவு பற்றிய கவலை அதிகம் இருந்திருக்காது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒவ்வொரு சட்டமும் நான்கு துளை உயரம் கொண்டது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3, அதாவது 1.33. உலகம் முழுவதும் அதுவே வழக்கம். பேசும்படம் வந்து சுருளின் ஓரத்தில் ஒலிக்கோடு இடம் பிடித்தபோது சட்டம் ஒடுங்கிக் கிட்டத்தட்டச் சதுரமாயிற்று. 1932-இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி அதை 1.37 என்று நிலைநிறுத்தியது. தமிழின் கறுப்பு வெள்ளைப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன.

லென்சை மாற்ற மறந்தால்

வீடுகளில் தொலைக்காட்சி நுழைந்ததும், அதனால் தர முடியாத ஒன்றைத் தர வேண்டும் என்று ஹாலிவுட் அகலத் திரைக்குத் தாவியது. 1953-இல் சினிமாஸ்கோப் வந்தது. முதல் படம் தி ரோப். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கிரேத்தியன் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பு உருவாக்கி வைத்திருந்த லென்சே அதன் அடிப்படை. படம் எடுக்கும்போது அந்த லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக ஒடுக்கிச் சுருளில் பதிக்கும். திரையிடும்போது எதிர் லென்ஸ் அதை விரித்துவிடும். சுருள் பழைய 35 மில்லிமீட்டர்தான். பின்னர் நிலைபெற்ற திரை விகிதம் 2.35.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குருதத்தின் காகஸ் கே ஃபூல் (1959). தமிழுக்கு இது வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ராஜராஜ சோழன், 1973-இல் வெளியானது. அதைத் தயாரித்தவர் மவுண்ட் ரோடு ஆனந்த் திரையரங்கின் உரிமையாளர் ஜி. உமாபதி. புதிய வடிவத்தில் ஒரு படம் எடுப்பதற்குத் திரை வைத்திருப்பவரே துணிந்தார் என்பது கவனிக்கத்தக்கது. தமிழின் முதல் 70 மில்லிமீட்டர் படமான மாவீரன் 1986-இல் வந்தது.

இதனால் ஆபரேட்டரின் வேலை கூடியது. சாதாரணப் படத்துக்கு ஒரு லென்ஸ், ஸ்கோப்புக்கு வேறு. சட்டத்தை அடைக்கும் தகடு வேறு. திரையின் இருபுறக் கறுப்புத் துணியையும் நகர்த்த வேண்டும். ஸ்கோப் படத்துக்கு விரிக்கும் லென்சை மாட்ட மறந்தால் திரையில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி போல நெட்டையாகத் தெரிவார்கள். கீழிருந்து விசில் பறக்கும். அடுத்த நிமிடம் சரியாகிவிடும். படப்பெட்டியில் ஸ்கோப் என்ற ஒரு சொல் இருந்தால் போதும். மற்றதெல்லாம் மூத்த ஆபரேட்டரிடம் பக்கத்தில் நின்று கற்றது. எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை. தவறு நடந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தார் என்பதே காரணம்.

தொலைக்காட்சி வெட்டியது

பிளாக்கர்ஸ் சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத சேப்பாக்கம் பக்கத்தில், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வீட்டுப் பெட்டியின் விகிதம் மீண்டும் பழைய 4:3. 2.35 அகலப் படத்தை இதற்குள் எப்படி வைப்பது? உலகெங்கும் தொலைக்காட்சிகள் இரண்டு வழிகளைக் கையாண்டன. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டினால், 576 வரிகளில் ஏறத்தாழ 327 வரிகளே படத்துக்குக் கிடைக்கும். உயரத்தை நிரப்பி அகலத்தை வெட்டினால் படத்தில் 43 விழுக்காடு போய்விடும். இரண்டாம் வழியில், இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் மட்டுமே தெரிவார். ஆகவே படத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றும் தொழில்நுட்பர் ஒவ்வொரு காட்சிக்கும் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று பார்த்துப் பார்த்துச் சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தினார். இயக்குநர் வைக்காத கேமரா அசைவு ஒன்று இவ்வாறு படத்தில் புகுந்தது.

பின்னர் இதற்கு நேர்மாறானதும் தமிழ்நாட்டில் நடந்தது. 1965-இல் வெளிவந்த திருவிளையாடல் 2012-இல் புதுப்பிக்கப்பட்டு, சினிமாஸ்கோப் வடிவில் மறுபடி திரைக்கு வந்தது. 1.37 சட்டத்தில் எடுத்த ஒரு படத்தை அகலம் குறையாமல் 2.35 ஆக்க, மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் 42 விழுக்காடு போகும்; வெட்டாமல் இழுத்தால் உருவங்கள் பருக்கும். எந்தப் பழைய படத்தை அகலத் திரைக்குக் கொண்டுவந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஆடலும் அபிநயமும் நிறைந்த படங்களில் பாதமும் முத்திரையும் சட்டத்தின் விளிம்பில்தான் இருக்கும் என்பதால், பழைய படங்களை அகலத் திரையில் பார்த்து மகிழ்பவர்கள் மூல வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கைப்பேசி வந்தபின் கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது. 16:9 காணொளியை நிமிர்ந்த 9:16 சட்டத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 32 விழுக்காடு மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

பிக்சலும் கட்டளையும்

1982-இல் எண்முறைத் தொலைக்காட்சிக்கான பன்னாட்டுத் தரம் ஒரு வரிக்கு 720 படப்புள்ளிகள் என்று வகுத்தது. நம் நாட்டு முறையில் 720-க்கு 576. இந்த எண்களை வகுத்துப் பாருங்கள்: 1.25 வரும், 4:3 வராது. அதாவது அந்தப் படப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. கோப்பிலுள்ள இந்தக் குறிப்பைக் கவனிக்காத கருவி பழைய கல்யாண கேசட்டை மாற்றும்போது மணமக்களைச் சற்று ஒல்லியாக்கிவிடும். லென்ஸ் மாட்ட மறந்த அதே பிழைதான், புது உருவில். ஒரு சட்டத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியாகப் பதியும் பழைய முறை இன்னொரு பொறி. அதைப் பிரித்துச் சரிசெய்யாமல் உயரத்தைச் சுருக்கினால் அசையும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழியும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கைப்பேசிக் காணொளியும் பலவேளைகளில் கிடைமட்டமாகச் சேமிக்கப்பட்டு, சுழற்றிக் காட்டுக என்ற குறிப்போடு இருக்கும். அகலம் 1920, உயரம் 1080 என்ற எண்களை மட்டும் படிக்கும் கருவி ஏமாந்துபோகும்.

படப்புள்ளிகளைக் குறைக்கும் கணக்கு முறைகளுக்குத் தனி வரலாறு உண்டு. இன்று பெரிதும் பயன்படும் லான்சோஸ் வடிகட்டி அங்கேரியக் கணிதர் கொர்னேலியஸ் லான்சோஸ் பெயரால் வழங்குவது. அதை 1979-இல் கட்டுரையாக விளக்கிய கிளாட் துஷோன் ஒரு வானிலை ஆய்வாளர் என்பது மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

கருவிகளில் முதலிடம் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு. பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கியது. நாம் பயன்படுத்தும் எத்தனையோ காணொளிச் செயலிகளுக்குள் இதுவே வேலை செய்கிறது. இதில் அளவு மாற்ற அகலமும் உயரமும் தர வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதற்கு -1 என்று எழுதினால் விகிதம் கெடாமல் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். 1920-க்கு 1080 காணொளியை 500 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 281.25, ஆகவே 281. இங்குதான் புதியவர் தடுக்கி விழுவார். வழக்கமான காணொளிகளில் நிறத் தகவல் இரண்டு படப்புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் சேமிக்கப்படுவதால், குறியாக்கி ஒற்றைப்படை உயரத்தை ஏற்க மறுத்துவிடும். -1-க்குப் பதில் -2 என்று எழுதினால் இரட்டைப்படையாக 282 கிடைக்கும். ஓர் இலக்கம்தான் வேறுபாடு. அதை எங்காவது படித்திருக்க வேண்டும்.

படிப்பதற்கு ஆவணம் வேண்டும். கட்டளைக் கருவிகளின் ஆவணமரபு யூனிக்சிலிருந்து வருவது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்த முதல் யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம் ஆகியவற்றோடு, குறைகள் என்றும் ஒரு தலைப்பு வைத்தார்கள். தாங்கள் செய்த கருவி எங்கே சொதப்பும் என்பதைச் செய்தவர்களே எழுதி வைத்தது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். நம் பாடநூல்களிலும் இப்படி ஒரு பகுதி இருந்திருக்கலாம்.

வாசகர் மாறிய கதை

அந்தக் கையேடுகள் மனிதருக்காக எழுதப்பட்டவை. புரியாவிட்டால் அவர் இன்னொருவரைக் கேட்பார், முயன்று பார்ப்பார், விளைவைக் கண்ணால் பார்த்துத் திருத்துவார். 2022 அக்டோபரில் வெளியான ரியாக்ட் என்ற ஆய்வு, மொழி மாதிரி ஒன்று யோசிப்பதையும் கருவியை இயக்குவதையும் மாறி மாறிச் செய்ய முடியும் என்று காட்டியது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாதிரிகளுக்கு வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் தந்தது. கருவியின் பெயர், சொற்களில் ஒரு விளக்கம், தர வேண்டிய மதிப்புகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் ஜேசன் வடிவில் எழுதிக் கொடுத்தால் மாதிரி அதைப் படித்துத் தானே தேர்ந்துகொள்ளும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அதாவது எம்சிபி, இதே ஏற்பாட்டை எந்த மாதிரிக்கும் எந்தக் கருவிக்கும் பொதுவான திறந்த நெறிமுறையாக்கியது.

இதன்பின் ஆவணம் என்பது கருவியின் பக்கத்தில் கிடக்கும் புத்தகம் அல்ல. முகவருக்குக் கருவியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த விளக்கம்தான். அதில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும்.

எஃப்எஃப்எம்பெக்கையே எடுத்துக்கொள்வோம். வெளியீட்டுக் கோப்பின் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், மேலெழுதலாமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும். மனிதருக்கு இது பாதுகாப்பு. பின்னணியில் ஓடும் முகவருக்கோ யார் பதில் சொல்வது? வேலை அப்படியே தொங்கும். இதைத் தவிர்க்க, கேட்காமல் மேலெழுது என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் பழைய கோப்பு போனது போனதுதான். இரண்டில் எது வேண்டும், அல்லது மேலெழுதாமல் பிழை சொல்லி நின்றுவிடும் மூன்றாம் விருப்பம் வேண்டுமா என்பதை ஆவணம் எழுதுபவர் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

2025 மார்ச்சில் வந்த எம்சிபி பதிப்பு இதற்கென்றே சில குறிகளைச் சேர்த்தது. கருவி படிக்க மட்டும் செய்யுமா, எதையாவது அழிக்குமா, அதே அழைப்பை மறுபடி கொடுத்தால் கூடுதல் விளைவு இருக்குமா என்பவை அவை. எதுவும் குறிப்பிடாவிட்டால் அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும். நம்பிக்கையான இடத்திலிருந்து வராத குறிகளை நம்பவும் கூடாது என்கிறது நெறிமுறை. விளக்கத்துக்குள்ளேயே தீய கட்டளைகளை ஒளித்து முகவரை ஏமாற்றலாம் என்பதும் அதே ஆண்டில் செய்து காட்டப்பட்டது.

எந்தப் பகுதியை வெட்டுவது என்பதையே கணினியிடம் விடும் முயற்சிகளும் இதற்கு முன்பே நடந்திருக்கின்றன. 2007-இல் ஷாய் அவிதான், ஏரியல் ஷமீர் இருவரும் படத்தின் முக்கியமற்ற இழைகளை உருவி எடுத்துச் சுருக்கும் முறையை வெளியிட்டனர். 2020-இல் கூகுள் வெளியிட்ட ஆட்டோஃபிளிப், முகங்களையும் அசைவையும் கண்டறிந்து சட்டத்தைத் தானே நகர்த்தியது. தொலைக்காட்சி நிலையத் தொழில்நுட்பர் செய்த வேலை அது.

சின்னதாக்கு என்றால் என்ன

தமிழில் முகவரிடம் பேசும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. இந்த வீடியோவைச் சின்னதாக்கிக் கொடு என்று நாம் இயல்பாகச் சொல்வோம். வாட்ஸ்அப்பில் போகும்படி எம்பி அளவைக் குறை என்று அதற்குப் பொருள். அகல உயரத்தைக் குறை என்றும் பொருள். பத்து நிமிடத்தை இரண்டு நிமிடமாக்கு என்றும் பொருள். மூன்றும் வெவ்வேறு வேலைகள். பேசுபவர் எதிரில் இருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

பள்ளி ஆண்டுவிழாக் கும்மி ஒன்றின் காணொளியை நானும் இப்படித்தான் ஒரு முகவரிடம் கொடுத்தேன். கைப்பேசிக்கு ஏற்றபடி சின்னதாக்கு என்றேன். அழகாக நிமிர்ந்த சட்டத்தில் வந்தது. வட்டத்தின் நடுவில் இருந்த நான்கு பெண்கள் தெரிந்தார்கள்; இரு ஓரத்திலும் ஆடியவர்களைக் காணவில்லை. ஓரத்துப் பிள்ளையின் தாய் கேட்டால் என்ன சொல்வது? கேள்வித்தாளில் இரு பொருள்படும் கேள்வி வந்தால், எந்தப் பொருளில் விடை எழுதினாலும் மதிப்பெண் தரச் சொல்வார்கள். பிழை கேள்வி எழுதியவருடையது. இங்கே என் கேள்வியிலும் பிழை இருந்தது. ஆனால் ஓரம் வெட்டப்படும் என்று அந்தக் கருவியின் விளக்கம் முகவருக்குச் சொல்லியிருந்தால், அது என்னைத் திருப்பிக் கேட்டிருக்கும்.

அப்படிப்பட்ட விளக்கம் ஒன்றை மாணவர்கள் எழுதிப் பழகலாம். மாதிரிக்கு ஒன்று:

இக்கருவி காணொளியின் அகல உயரத்தை மட்டும் மாற்றும். கோப்பின் எம்பி அளவைக் குறைப்பதற்கும் ஓடும் நேரத்தைக் குறைப்பதற்கும் இது உரியதல்ல. பயனர் சின்னதாக்கு என்று மட்டும் சொன்னால், மூன்றில் எது என்று கேட்ட பிறகே இதை அழைக்கவும். அகலமும் உயரமும் படப்புள்ளிகளில், இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது மூல விகிதப்படி கணக்கிடப்படும். இரண்டையும் கொடுத்து, விகிதம் மூலத்தோடு பொருந்தாவிட்டால், வெட்டு, பட்டை, இழு ஆகிய மூன்றில் ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கருவி தானாக எதையும் தேர்ந்துகொள்ளாது. சுழற்சிக் குறிப்பும் சதுரமல்லாத படப்புள்ளிகளும் முதலில் சரிசெய்யப்படும். மூலக் கோப்பு மாற்றப்படாது. வெளியீட்டுப் பெயரில் கோப்பு இருந்தால் பிழை சொல்லி நிற்கும். முடிந்ததும் கிடைத்த அகலம், உயரம், வெட்டப்பட்ட பரப்பின் விழுக்காடு ஆகியவற்றைத் திருப்பித் தரும். குறை: படத்தின் அடியில் பதிந்துள்ள எழுத்துகளை இக்கருவி அறியாது, வெட்டும்போது அவை போகலாம்.

செய்யாத வேலையை இரண்டாவது வரியிலேயே சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். முகவர் பல கருவிகளிலிருந்து ஒன்றைத் தேர்கிறது. பெயர் ஒத்திருந்தாலே எடுத்துவிடும். நீளமாக எழுதவும் முடியாது. விளக்கம் முழுவதும் முகவரின் நினைவில் இடம் பிடிக்கிறது; மொழி மாதிரிகள் பலவும் தமிழை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன. வெட்டப்பட்ட விழுக்காட்டைத் திருப்பித் தரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 68 என்ற எண்ணைப் பார்த்தால், படத்தைப் பார்க்காத முகவரும் பயனரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

திரையரங்குகளிலும் இப்போது அளவு எழுத்தில்தான் வருகிறது. 2005-இல் வந்த எண்முறைத் திரையிடல் தரத்தின்படி 2கே ஸ்கோப் படம் 2048-க்கு 858, சாதாரண அகலப் படம் 1998-க்கு 1080. படப்பெட்டிக்குப் பதிலாக வரும் கோப்புத் தொகுப்பிலேயே விகிதமும் குறிக்கப்பட்டிருக்கும். முன்பே அமைத்து வைத்த பொத்தானை அழுத்தினால் லென்சும் திரையும் அதற்கேற்ப மாறிக்கொள்கின்றன.